பதினோரு விநாடி

கட்டத்துக்குள் ஒரு எண் போட வேண்டும், அவ்வளவுதான். திரையின் வலது ஓரத்தில் சின்னதாக ஒரு வெள்ளைக் கட்டம், அதன் தலையில் ‘கால வரம்பு, விநாடியில்’ என்று நானே எழுதி வைத்தது, உள்ளே ஒரு கோடு மினுக்கி மினுக்கி மறைகிறது. மணி இரண்டு நாற்பது. ஐந்து மணிக்குள் விளையாட்டு முழுவதும் அனுப்பப்பட்டுவிட வேண்டும், வாங்கப்போகிற வெளிநாட்டுக்காரர்கள் ஐந்துக்கு மேல் ஒரு நிமிடம்கூடப் பொறுக்கமாட்டார்கள் என்று நிகிலன் காலையிலிருந்து நாலு தடவை சொல்லிவிட்டான். நிகிலன்தான் முதலாளி, என்னைவிட முப்பது வயது சின்னவன், அண்ணா என்று கூப்பிடுவான். மற்ற அறைகளெல்லாம் முடிந்துவிட்டன, பாக்கி இருப்பது கடைசி அறையின் இந்த ஓர் எண். கறுப்புப் பெட்டியை முகத்தில் கட்டிக்கொண்டு, கைக்கு ஒரு பிடியாக இரண்டு பிடிகளைப் பிடித்துக்கொண்டால் இந்த மாடி அலுவலகம், பிளாஸ்டிக் நாற்காலிகள், சன்னல் வழியாக வருகிற பீளமேட்டு வெயில் எல்லாம் போய்விடும், ஒரு கலங்கரை விளக்கத்தின் அடியறையில் நிற்போம். சுற்றிலும் கல்சுவர், ஐந்து பித்தளைச் சக்கரங்கள், சுவரில் மங்கிப்போன ஐந்து சித்திரங்கள், கடலைப் பார்த்து ஒரு சன்னல். சித்திரங்கள் சொல்கிற வரிசையில் சக்கரங்களைத் திருப்பினால் கதவு திறக்கும். அதற்குள் தண்ணீர் ஏறும். கணுக்கால், முழங்கால், இடுப்பு, நெஞ்சு, பிறகு கண். கண்ணைத் தாண்டினால் இருட்டு, ஆட்டம் முடிந்தது. தண்ணீர் எவ்வளவு வேகமாக ஏற வேண்டும் என்பதுதான் அந்த எண். சன்னலுக்கு வெளியே தெரிகிற கடலுக்கு எனக்கு ஒன்பது நாள் பிடித்தது, அலை உடைகிற இடத்தில் நுரை சரியாகவே வரவில்லை, ஒன்பதாம் நாள்தான் வந்தது, அதை இன்றுவரை ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை. கடலுக்கு ஒன்பது நாள், எண்ணுக்கு ஒரு நொடி. தொண்ணூறு என்று அடித்துவிட்டு எழுந்து போய் டீ குடிக்கலாம். ஒன்பது, பூஜ்யம். விரல் ஒன்பதின் மேல்தான் இருக்கிறது. அழுத்த மாட்டேன் என்கிறது.

காலையில் பிரிசில்லா ஆடினாள். பிரிசில்லா எங்கள் பரிசோதகி, நாற்பதை ஒட்டிய பெண், வேறெங்கோ தொலைபேசியில் பதில் சொல்லும் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து ஐந்து மாதம், ஆறாம் மாதம் நிரந்தரம் ஆக்குவதா வேண்டாமா என்று நிகிலன் முடிவு செய்வான், அது அவளுக்கும் தெரியும் எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவள் பார்ப்பது பெரிய திரையிலும் ஓடும். ஐந்து பேரும் பின்னால் நின்றோம். நிகிலன் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் நின்றான். பிரிசில்லா மூக்குக்கண்ணாடி போடுகிறவள், பெட்டிக்குள் அது ஆவி படிந்து மறைக்கும், எப்போதும் இரண்டு மூன்று தடவை பெட்டியைத் தூக்கித் துடைத்துவிட்டு ‘ஒரு நிமிசங்க’ என்பாள். இன்றைக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் பெட்டியை மாட்டினாள். நான் அதைப் பார்த்தேன், வேறு யாரும் பார்த்த மாதிரி இல்லை. பிறகு ஆடினாள் பாருங்கள், கை பறந்தது, மீன், படகு, நங்கூரம், ஒரு சக்கரத்திலிருந்து அடுத்த சக்கரத்துக்கு உடம்பே அம்பு மாதிரி திரும்பியது, சன்னல் பக்கம் தலை திரும்பவே இல்லை. எண்பத்து நாலு விநாடி. “அக்கா, நீங்க மெசினுக்கா!” என்றான் நிகிலன். “அண்ணா, தொண்ணூறு போட்டுருங்க. டென்சன் இல்ல, டென்சன் இல்லன்னு அழுதானுங்கல்ல வாங்கறவனுங்க, இப்ப நல்லா மூச்சு முட்டட்டும். இனிமே எல்லா ரூமுக்கும் அக்கா டைம்தான் ஸ்டாண்டர்டு.” எல்லாரும் கை தட்டினார்கள். பிரிசில்லா பெட்டியைக் கழற்றிச் சிரித்தாள், முகமெல்லாம் வேர்வை, மேசையில் கை தடவித் தடவிக் கண்ணாடியைத் தேடினாள். நான் எடுத்துக் கொடுத்தேன். அப்போதிருந்துதான் விரல் இப்படி. மூச்சு முட்டட்டும். ஆள் நின்று பார்க்கிறது என்பதற்காக ஒன்றைக் கழற்றி வைத்துவிட்டு ஓடுகிற ஓட்டம். நான் முதல் தடவை பார்க்கிற ஓட்டமா இது?

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. அட்டை ஒன்று, அதன் மேல் மூலையில் கடிகாரத்தைச் செருக ஒரு கவ்வி, கீழே கட்டம் போட்ட தாள், காதில் பென்சில். மில்லில் டைம் ஸ்டடி குமாஸ்தா. ஒரு பெண் ஒரு வேலையை எத்தனை நொடியில் செய்கிறாள் என்று பக்கத்தில் நின்று அளந்து, அதிலிருந்து ஒரு நாளைக்கு எவ்வளவு செய்ய வேண்டும் என்று எண் போட்டுக் கொடுப்பது. படிப்பு பத்தாவது, மீதியை மேலதிகாரி தூக்கிப் போட்ட ஒரு பழைய புத்தகத்தை வைத்து நானே கற்றுக்கொண்டேன், இப்போது இந்தக் கணினி வேலையைக் கற்றுக்கொண்டதைப் போல. நூல் சுற்றும் பிரிவில் முப்பத்தெட்டுப் பெண்கள். நூல் அறுந்தால் முடிச்சுப் போட வேண்டும், காலியான குழலை எடுத்துவிட்டுப் புதியதை மாட்ட வேண்டும், நடந்துகொண்டே, நாள் முழுவதும். காற்றெல்லாம் பஞ்சு, வெயில் விழுகிற இடத்தில் மழைத்தூறல் மாதிரி அது இறங்குவது தெரியும். மூக்கையும் வாயையும் மூடி ஒரு துணி, பின்கழுத்தில் முடிச்சு, வேர்வையில் அது நழுவும், அவிழ்த்து உதறிவிட்டு மறுபடி கட்டுவார்கள். முதலில் கெம்பக்காவை அளந்தேன். கெம்பக்கா பிரிவிலேயே மூத்தவள், வாயும் மூத்தது. “வந்துட்டாருடி எமன். பாசக்கயிறு வெல ஏறிப்போச்சாட்ட இருக்குது, கடியாரத்தத் தூக்கிட்டு வந்துட்டாரு.” அந்தப் பக்கத்துப் பெண்கள் துணிக்குள் சிரித்தார்கள். “ஏனுங் தம்பி, மூத்தரம் போறதுக்கு எத்தன நொடி போட்டிருக்கீங்க? நின்னு போலாமுங்களா, நடந்துட்டே போகோணுங்களா?” எனக்குக் காது சிவந்துவிட்டது. கெம்பக்கா வேண்டுமென்றே ஆமை மாதிரி செய்தாள். குழலை எடுத்து அதற்குப் பேர் வைக்கிறவள் மாதிரி உற்றுப் பார்த்துவிட்டு மாட்டினாள். துணி கட்டுவதை மட்டும் வழக்கமாகச் செய்தாள், உதறி, மடித்து, பின்னால் கையைக் கொண்டுபோய் முடிந்து, பதினோரு விநாடி. தாளின் ஓரத்தில் எழுதினேன், துணி, பதினொன்று. மேலதிகாரி பார்த்துவிட்டு, ஆள் ஏமாற்றுகிறாள், இந்தத் தாள்களைக் கிழித்துப் போடு, வேறொருத்தியை அளந்து வா என்றார். கிழித்தேன். பதினொன்றும் அதோடு போயிற்று. அளக்கப்படுகிற ஆள் அந்த நேரத்தில் செய்வது மட்டுமே கணக்கில் சேரும் என்பது விதி, செய்யாதது வேலையே இல்லை.

அந்த வேறொருத்தி மயிலாத்தாள். நானாகத்தான் தேர்ந்தெடுத்தேன், அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது. மூன்று மாதமாகக் காலையில் ஒரே பஸ்ஸில் வருவோம், அவள் முன் பக்கம், நான் பின் பக்கம், ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் அட்டையோடு அவள் வரிசைக்குப் போய் நின்றேன். என்னைப் பார்த்தாள். கை பின்கழுத்துக்குப் போய், துணியை அவிழ்த்து, இடுப்பில் செருகிக்கொண்டாள். முகம் முழுவதும் தெரிந்தது. பிறகு அவள் வேலை செய்ததை நான் எப்படிச் சொல்வது, நூல் அறுவதற்கு முன்பே கை அங்கே போய் நின்றது, குழல் ஏறியதும் இறங்கியதும் தெரியவில்லை, வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடவும் இல்லை நடக்கவும் இல்லை. இரண்டு மணி நேரம். ஒரு தடவைகூடத் துணியைத் தொடவில்லை. நான் தாளில் நொடிகளை எழுதிக்கொண்டே போனேன். இது சாதாரண வேகமா, அதிக வேகமா என்று அளக்கிறவன் தன் கண்ணால் மதிப்பிட்டு ஒரு எண் போட வேண்டும். அதிகம் என்று போட்டிருந்தால் கணக்கு சரியாகியிருக்கும். நான் நூறு என்று போட்டேன், சாதாரணம் என்று அர்த்தம். எனக்கு அது அவளுடைய இயல்பாகவே தெரிந்தது, இவள் இப்படித்தான், எப்போதும் இப்படித்தான் என்று. இருபத்து மூன்று வயதில் ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டே போட்ட எண். அடுத்த மாதம் பலகையில் ஒட்டினார்கள், முப்பத்தெட்டுப் பேருக்கும் அதே எண். துணி கட்ட அதில் நேரமே இல்லை. கட்டினால் அளவு குறையும், அளவு குறைந்தால் மூன்றாம் தடவை வெளியே. ஒவ்வொருத்தியாகத் துணியைக் கழுத்தில் மாலை மாதிரி தொங்கவிட்டுக்கொண்டு வேலை செய்ய ஆரம்பித்தார்கள். கெம்பக்கா என்னிடம் அப்புறம் கிண்டல் பேசவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

மணி மூன்று இருபது. டீ வந்து ஆறிவிட்டது. நிகிலன் கதவுக்குள் தலையை நீட்டி “அண்ணா, நம்பர் போட்டாச்சா?” என்கிறான். “போடறேன் தம்பி.” “ரெண்டு எழுத்துக்கு எதுக்குண்ணா இவ்வளவு யோசன?” சிரித்துக்கொண்டே போகிறான், நல்ல பையன், கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, என் மேலதிகாரிகூட நல்ல மனிதர்தான், தீபாவளிக்கு வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போட்டவர். மில்லில் எண் ஒட்டி இரண்டு வாரம் கழித்து பஸ் நிறுத்தத்தில் மயிலாத்தாள்தான் முதலில் பேசினாள். வேறு பெண்கள் யாரும் அவள் பக்கத்தில் நிற்கவில்லை. “அன்னிக்கு நீங்க நின்னீங்கன்னு ஓடுனனுங்க. தெனமும் அப்படி ஆகுமுங்களா?” தப்பாகிவிட்டது, மறுபடி அளக்கிறேன், மேலே எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். “என்னன்னு எழுதுவீங்க? மயிலாத்தா மொகத்தக் காட்டறதுக்கு ஓடுனான்னு எழுதுவீங்களா? வேண்டாமுங்க. ஊரே சிரிக்கும். உட்ருங்க.” விட்டேன். அவள் கேட்டாள், அவள் மானத்துக்காக விட்டேன் என்று எத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் கேட்டாள் என்பது நிஜம். எனக்கும் அது சௌகரியமாக இருந்தது என்பதும் நிஜம், தப்பாக அளந்த குமாஸ்தாவை மில் வைத்துக்கொள்ளாது. எட்டாம் மாதம் எங்களுக்குக் கல்யாணம். நூல் சுற்றும் பிரிவிலிருந்து எல்லாரும் சேர்ந்து ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள், கெம்பக்காதான் கொண்டுவந்து கையில் வைத்தாள். மயிலாத்தாள் அதைத் துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்தாள், இப்போதும் அங்கேதான் இருக்கிறது. அதற்குப் பிறகு பதினாலு வருடம், மில் மூடுகிறவரைக்கும், தானே ஓடி வரவழைத்த எண்ணைத் துரத்திக்கொண்டு வேலைக்குப் போனாள். திங்கட்கிழமைதான் அவளுக்கு நெஞ்சு அதிகம் இறுகும், ஞாயிறு வீட்டில் இருந்துவிட்டுப் போகிற நாள். சாயங்காலம் வந்து வாசற்படியில் உட்கார்ந்து மூச்சை இழுத்து இழுத்து எண்ணுகிற மாதிரி விடுவாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து எனக்குத் தெரியாமலே எண்ணுவேன், நிமிடத்துக்கு இருபத்தாறு, இருபத்தெட்டு. கடைசி வருடம் முப்பத்து நாலு. பஞ்சாகவும் இருக்கலாம், விறகடுப்பாகவும் இருக்கலாம், சொல்ல முடியாதுங்க என்றார் டாக்டர். நான் கேட்டதே தப்பு. அவள் ஒருநாளும் அந்த எண்ணைச் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லியிருக்கலாம். அவள் போய் ஆறு வருடம் ஆயிற்று. இன்றைக்கும் திங்கட்கிழமை.

எழுந்து போய் பிரிசில்லாவிடம் “இன்னொரு தடவ ஆடிப் பாக்கறீங்களாம்மா?” என்றேன். அவள் முகம் சட்டென்று மாறிவிட்டது. “ஏனுங்க சார், காலைல சரியா வரலீங்களா?” “நல்லாத்தான் வந்துச்சு. இப்ப சும்மா, வேடிக்க பாக்கற மாதிரி ஆடுங்க. யாரும் பாக்க மாட்டாங்க.” சோதனை அறையின் கதவைச் சாத்தினேன். பெரிய திரையின் ஒயரைப் பிடுங்கினேன். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். “பாக்காம எப்படிங்க சார் டெஸ்ட்டு?” என்று சிரித்தாள். “பெட்டி எழுதி வெச்சுக்கும். கண்ணாடியப் போட்டுக்கங்க.” தண்ணீர் கண்ணைத் தாண்டாத அளவுக்கு வரம்பைத் தளர்த்தி வைத்திருந்தேன். சுவரில் ஒரு பல்லி. என் முதுகுக்குப் பின்னால் அவள் காலடி, நின்றது, நகர்ந்தது, மறுபடி நின்றது. பெட்டியைத் தூக்குகிற சத்தம், கண்ணாடியைத் துடைக்கிறாள். மறுபடி மாட்டுகிறாள். “ஐயோ” என்றாள் ஒரு தடவை, எதற்கென்று தெரியவில்லை. அந்த மில் வருடங்களில் ஒரு தடவையாவது நான் இப்படி முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றிருந்தால். நிற்கத் தெரியவில்லை, நின்று பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். பிரிசில்லா பெட்டியைக் கழற்றிவிட்டு “அந்தக் கடல் யாருங்க சார் பண்ணுனது?” என்றாள். நான்தான் என்றேன். “நல்லாருக்குதுங்க. நொரையெல்லாம் வருது. காலைல நான் பாக்கவே இல்ல.” பெட்டியில் எழுதியிருந்தது, நூற்று நாற்பத்தொன்று. இரண்டு நிமிடம் இருபத்தொரு விநாடி. அவளும் எட்டிப் பார்த்துவிட்டாள். சிரிப்பு போய்விட்டது. “சார், இத எழுதுவீங்களா? நிகிலன் சார்கிட்ட காட்டாதீங்க, ப்ளீஸ். எண்பத்து நாலுன்னே இருக்கட்டுங்க. அடுத்த மாசம் எனக்கு… உங்களுக்குத் தெரியுமில்ல. விட்டுருங்க சார்.” விட்டுருங்க. உட்ருங்க. தலையை ஆட்டினேன். அந்தப் பதிவை அவள் கண் முன்னாலேயே அழித்தேன். தப்பான எண்ணுக்கு மறுபடியும் நான் காவல்.

நாலு மணி ஐந்து. சரியான எண்ணைப் போட்டால் ஏன் என்று நிகிலன் கேட்பான், காலையில் அவன் கண்ணால் பார்த்த எண்பத்து நாலு எங்கே போயிற்று என்பான், நான் பிரிசில்லாவைக் காட்டிக்கொடுக்க வேண்டும். என் சொந்த ஆட்டத்தைக் காரணம் காட்டிப் பார்த்தேன். “தம்பி, நான் ஆடுனா ரெண்டர நிமிசம் ஆகுது.” “உங்களுக்கு அறுபத்தி ரெண்டு வயசுண்ணா, ஆடறவனெல்லாம் இருவது. உங்க டைம வெச்சா தண்ணி ஏறதுக்குள்ள அவன் மீனே புடிச்சுருவான்.” எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். திரும்பி வந்து உட்கார்ந்து தொண்ணூறு என்று அடித்தேன். இரண்டு எழுத்து. அடித்த கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான் கை எங்கே இருக்கிறது என்று பெட்டிக்கு எந்நேரமும் தெரியும் என்பது ஞாபகம் வந்தது. பிடி இரண்டும் எவ்வளவு உயரத்தில், முகத்திலிருந்து எவ்வளவு தூரத்தில், எல்லாம் அதற்குத் தெரியும். இரண்டு கையும் ஒரே சமயத்தில் முகத்தருகிலோ கழுத்தின் பின்னாலோ போனால் ஆள் விளையாடவில்லை, கண்ணாடியைத் துடைக்கிறான், பட்டையை இறுக்குகிறான், வேர்வையை வழிக்கிறான். அப்போது தண்ணீர் நிற்கட்டும். வரம்பு தொண்ணூறாகவே இருக்கும், யார் கேட்டாலும் தொண்ணூறு, ஆனால் முகத்துக்குப் போகிற கைக்கு நேரம் ஓடாது. யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆள் நின்று பார்க்கிறபோது ஆடுகிறவன் கையை முகத்துக்குக் கொண்டுபோகவே மாட்டான், அது எனக்குத் தெரியும். எழுத ஆரம்பித்தேன். நாலு இருபது, நாலு முப்பத்தைந்து. கழுத்தின் பின்பக்கம் பிடிக்க மாட்டேன் என்றது, தூரத்தைக் கூட்டினேன், பிடித்தது. எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று ஒரு கட்டம். யோசிக்கவே இல்லை, பதினொன்று. கிழித்துப் போட்ட தாளிலிருந்து நாற்பது வருடம் கழித்து வந்து உட்கார்ந்துகொண்டது. எத்தனை தடவை என்று இன்னொரு கட்டம். நாலு நாற்பத்தெட்டு, நிகிலன் “அண்ணா! அண்ணா!” என்று கத்துகிறான், ஏதோ போட்டேன், சேமித்தேன், அனுப்பினேன். நாலு ஐம்பத்தாறுக்குப் போய்ச் சேர்ந்தது. வெளியே விசில் அடித்தார்கள். யாரோ எனக்கு ஒரு லட்டு கொண்டுவந்து மேசையில் வைத்தார்கள்.

எல்லாரும் கீழே டீக்கடைக்குப் போன பிறகு பெட்டியை மாட்டிக்கொண்டேன். கல்சுவர், சக்கரங்கள், சன்னல். கடல் நன்றாகத்தான் வந்திருக்கிறது. நான் சக்கரம் எதையும் தொடவில்லை. தண்ணீர் கணுக்காலைத் தாண்டியது, முழங்கால், இடுப்பு, நனையாத தண்ணீர், இருந்தாலும் உடம்பு சில்லிடுகிறது. நெஞ்சுக்கு வந்தபோது இரண்டு கையையும் தூக்கிப் பின்கழுத்துக்குக் கொண்டுபோனேன், முடிச்சுப் போடுகிறவன் மாதிரி. தண்ணீர் நின்றது. சத்தமும் நின்றது. நிற்க வைத்துவிட்டேன் மயிலு. என் மூச்சு மட்டும் பெட்டிக்குள் மோதித் திரும்புகிறது. ஒன்று, இரண்டு, மூன்று. உதறினாள், மடித்தாள். ஏழு, எட்டு. பின்னால் கை போனது. பத்து. பதினொன்று. தண்ணீர் மறுபடி ஏறத் தொடங்கியது, கழுத்து, தாடை. கையை இறக்கிவிட்டு மறுபடி தூக்கினேன். நிற்கவில்லை. இன்னும் பின்னால் கொண்டுபோய்ப் பார்த்தேன். நிற்கவில்லை. அந்தக் கடைசிக் கட்டத்தில் என்ன போட்டேன் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. வேலை நடுவே துணி கட்ட, மூச்சு வாங்க என்று மில் விடுகிற சலுகை நேரம் என்றால் ஆகக் குறைந்ததுதான் எழுத வேண்டும் என்று பழகிய விரல், மயிலுவின் பதினாலு வருட வேலைக்கும் சேர்த்து, ஒரே ஒரு தடவை என்று போட்டிருந்தது.